நிலநடுக்கமும் கல்பாக்கத்தின் அணு எரிபொருள் குளங்களும்

2021-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் அதிகாலை நான்கேகால் மணியளவில் வேலூர் மாவட்டத்திலும் திருப்பத்தூர் மாவட்டத்திலும் நிலம் அதிர்ந்தது. தேசிய நில அதிர்வு மையம் அதன் அளவை 3.6 எனவும், இடத்தை வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கி.மீ. எனவும் குறித்தது. வரைபடத்தில் அந்த இடம் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அருகே விழுகிறது. அதே ஆண்டு டிசம்பரிலும் வேலூரைச் சுற்றிச் சிறு அதிர்வுகள் பதிவாயின. பாத்திரங்கள் உருண்டதும் மக்கள் தெருவுக்கு ஓடி வந்ததும் தவிரப் பெரிய சேதம் எதுவும் இல்லை. 3.6 என்பது சிறிய அளவு. அளவு ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும், இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு.

இந்த அதிர்வு நிகழ்ந்த இடத்திலிருந்து கிழக்கே சுமார் 150 கி.மீ. தொலைவில், கடற்கரையில், கல்பாக்கம் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்களைத் தொட்டுச் செல்லும் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகேதான் கடலில் கலக்கிறது. அணுமின் வளாகத்தின் நன்னீர்த் தேவைக்கும் பாலாற்றுப் படுகையே நெடுங்காலமாக ஆதாரம். ஆற்றின் மேல்பகுதியில் குரோமியக் கழிவும், ஆறு முடியும் இடத்தில் உலையிலிருந்து எடுத்த அணு எரிபொருளும் சேமிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் நச்சுத்தன்மையில் ஒப்புமை இல்லை. ஆனால் சுவர் கட்டித் தேக்கி வைக்கும் பொருள், அதை உண்டாக்கியவர்களின் காலத்துக்குப் பின்னும் காக்கப்பட வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

அசையாத நிலம் என்ற நம்பிக்கை

தென்னிந்தியா உறுதியான கேடயப் பாறை, இங்கே பெரிய நிலநடுக்கம் வராது என்பது பல தலைமுறைப் பாடப்புத்தகங்களில் இருந்த வாசகம். இதில் பாதி உண்மை உண்டு. கல்பாக்கத்தின் அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் மிகப் பழைய, மிகக் கடினமான பாறை. (கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைக் கொண்டு அந்தப் பெயர் வந்தது, அந்தக் கல்லே சென்னைப் பக்கத்துப் பாறை என்பார்கள்.) ஆயினும் பாறை பழையது என்பதால் அதில் பிளவுகள் இல்லை என்றாகிவிடாது.

1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்-பாலக்காடு பகுதியில் சுமார் 6 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. அது மறக்கப்பட்டது. 1967 டிசம்பர் 10 அன்று மகாராட்டிரத்தின் கொய்னாவில் ஏற்பட்ட நிலநடுக்கம்தான் புவியியலாளரின் நம்பிக்கையை முதலில் அசைத்தது. 1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூரில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தபோது, தீபகற்பத்தில் பாதுகாப்பான இடம் எது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. 2001 ஜனவரி 26-இல் பூஜ் நிலநடுக்கம் வந்தது. அப்போது குஜராத்தின் காக்ராபார் அணுமின் நிலையம் பாதிப்பின்றி இயங்கிக்கொண்டிருந்ததை அணுசக்தித் துறையினர் இன்றும் சான்றாகச் சொல்வர். ஆனால் காக்ராபார் தெற்கு குஜராத்தில் இருக்கிறது. பூஜிலிருந்து வெகு தொலைவு. அதை மறந்துவிட்டு இந்தச் சான்றை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே ஆண்டு செப்டம்பர் 25 இரவு, புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒரு நிலநடுக்கம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆடின. கல்பாக்கத்தைப் பொறுத்தவரை இது தொலைவில் நடந்த செய்தி அல்ல, சொந்தக் கடற்கரையில் நடந்தது. 2002-இல் இந்தியத் தர நிறுவனத்தின் நிலநடுக்க வரைபடம் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. வேலூர்ப் பகுதியும் மூன்றாம் மண்டலத்தில் உள்ளது. மூன்றாம் மண்டலம் என்றால் மிதமான ஆபத்து. 'மிதமான' என்ற சொல்லை வீட்டுக்கு ஒரு விதமாகவும் அணு எரிபொருள் குளத்துக்கு வேறு விதமாகவும் படிக்க வேண்டும்.

எரிந்து முடிந்த எரிபொருள் ஏன் குளத்தில் இருக்கிறது

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையிலும் இரண்டாவது உலை 1985 ஆகஸ்டிலும் தொடர்வினையைத் தொடங்கின. கட்டுமானம் தொடங்கியது 1970களின் ஆரம்பத்தில். கனடாவின் மாதிரியைப் பின்பற்றினாலும், 1974-க்குப் பிறகு வெளிநாட்டு உதவி நின்றுபோனதால், பெரும்பாலும் இந்தியப் பொறியாளர்களே செய்து முடித்த உலைகள் இவை. ஒரு காலக்கணக்கை இங்கே கவனிக்கலாம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் உருவானது 1983 நவம்பர் 15 அன்று. முதல் உலை அதற்கு நான்கு மாதம் முன்பே இயங்கத் தொடங்கிவிட்டது. எனவே இந்த நிலையத்தின் அடிப்படை வடிவமைப்பு, இன்றைய விதிகள் எழுதப்படுவதற்கு முந்தையது. நிலநடுக்கத் தாங்குதிறன் பின்னாளில்தான் புதிய அளவுகோல்களின்படி மறுமதிப்பீடு செய்யப்பட்டது.

இவ்வுலை ஒவ்வொன்றிலும் 306 குழாய்கள். ஒரு குழாயில் 12 எரிபொருள் கட்டுகள், ஆக மொத்தம் 3,672. ஒரு கட்டு அரை மீட்டர் நீளம், அதில் சுமார் 15 கிலோ இயற்கை யுரேனியம். உலையை நிறுத்தாமலே பழைய கட்டுகளை எடுத்துப் புதியவற்றைச் செருகுவர். எடுத்த கட்டுகள் தண்ணீர் நிறைந்த ஆழமான கான்கிரீட் குளத்துக்குள் இறங்குகின்றன.

எரிந்து முடிந்த பின்னும் அது ஏன் சூடாக இருக்கிறது என்பதை மாணவர்கள் அடிக்கடி கேட்பர். ஆம்பூரில் பிரியாணி அண்டாவுக்கு அடியிலிருந்து விறகை இழுத்துவிட்ட பிறகும் உள்ளே சோறு வெந்துகொண்டிருப்பதை உவமையாகச் சொல்லலாம். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அண்டாவுக்குள் புதிதாகச் சூடு பிறப்பதில்லை, இருந்த சூடுதான் தங்கியிருக்கிறது. எரிபொருளிலோ பிளவில் உண்டான புதிய தனிமங்கள் தாமாகச் சிதைந்து புதிய வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. உலை நின்ற கணத்தில் அது முழுத்திறனில் ஆறு, ஏழு விழுக்காடு. ஒரு நாள் கழித்து ஏறக்குறைய அரை விழுக்காடு. பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையும். தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, கதிர்வீச்சைத் தடுக்கிறது. சில மீட்டர் ஆழத் தண்ணீருக்கு மேலே நின்று தொழிலாளர் பணிபுரிய முடிகிறது. தண்ணீர் போய்விட்டால் இரண்டு பாதுகாப்பும் ஒன்றாகப் போய்விடும்.

கல்பாக்கத்து எரிபொருளுக்கு ஓர் இயல்பான நல்வாய்ப்பு உண்டு; ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. இயற்கை யுரேனியம் சாதாரணத் தண்ணீரில் எப்படி அடுக்கினாலும் தொடர்வினை நடத்தாது. நிலநடுக்கத்தில் அடுக்குகள் சரிந்து கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தாலும் குளமே உலையாகிவிடும் என்ற அச்சம் இங்கே பொருந்தாது. மேலும் இந்த எரிபொருள் குறைந்த அளவே எரிக்கப்படுவதால் ஒரு கட்டின் வெப்பமும் குறைவு. கூடங்குளத்தில் நிலைமை வேறு. அங்கே செறிவூட்டிய யுரேனியம். அடுக்குகளின் இடைவெளியும் போரான் கலந்த தடுப்பும் நிலநடுக்கத்துக்குப் பின்னும் குலையாமல் இருக்க வேண்டும்.

நிலம் ஆடும்போது குளத்தில் நடப்பது

தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து நடப்பவருக்குத் தெரியும்: நடையின் தாளமும் தண்ணீரின் தாளமும் ஒத்துவிட்டால் தண்ணீர் வெளியே சிந்தும். எரிபொருள் குளத்திலும் அதுதான். மெதுவாக நெடுநேரம் ஆடும் அதிர்வில் தண்ணீர் அலை எழுந்து விளிம்பைத் தாண்டும். 2007 ஜூலை 16 அன்று ஜப்பானின் காஷிவசாக்கி-கரிவா நிலையத்தில் இது நேர்ந்தது. குளத்திலிருந்து சிந்திய தண்ணீர் மின்கம்பித் துளைகள் வழியே கீழிறங்கி, ஒரு கனமீட்டருக்குச் சற்று மேல், கடலில் கலந்தது. கதிரியக்கம் மிகக் குறைவு, எரிபொருளுக்குச் சேதமில்லை. ஆனால் வடிவமைப்பாளர் எண்ணிப் பார்க்காத வழி அது. அதைவிடப் பெரிய செய்தி, முதல் உலையின் அடித்தளத்தில் பதிவான முடுக்கம் வடிவமைப்பில் கொண்டதைவிட இரண்டரை மடங்கு என்பதே.

அதனால்தான் குளத்தின் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இடைவெளி விடுகிறார்கள். எரிபொருளின் மட்டத்துக்குக் கீழே வெளியேறும் குழாய் எதையும் வைப்பதில்லை. குழாய் உடைந்தாலும் குளம் முழுதும் வடிந்துவிடாது. மேலே ஓடும் பாரந்தூக்கி, ஆட்டத்தில் தண்டவாளத்தைவிட்டு நழுவிக் குளத்தில் விழாதபடி பிடிப்புகள் உண்டு. சுவரில் விரிசல் விழுந்தால் கசிவு தெரியும்படி அமைப்புகள் உண்டு.

இவை அனைத்தும் ஓர் எண்ணைச் சார்ந்தவை. அந்த இடத்தில் நிலம் அதிகபட்சம் எவ்வளவு வேகமாக உலுக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்யும் எண் அது. கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலைக்கு அது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.156 மடங்கு, உலையைத் தொடர்ந்து இயக்கக்கூடிய சிறிய நிலநடுக்கத்துக்கு அதில் பாதி, 0.078. முதல் எண் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அதிர்வைக் குறிப்பது. இந்தியாவில் கருவிகளால் நில அதிர்வைப் பதிவு செய்யும் வழக்கம் வந்து நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. நூறு ஆண்டுப் பதிவையும் கல்வெட்டு, நாட்குறிப்பு ஆகியவற்றின் சிதறிய குறிப்புகளையும் பிளவுகளின் ஆய்வையும் வைத்துப் பத்தாயிரம் ஆண்டுக் கணக்குப் போடுகிறார்கள். தவறான முறை என்று இதைச் சொல்ல முடியாது. உலகெங்கும் இதே முறைதான். ஆனால் விவாதம் நடக்க வேண்டிய இடம் குளத்தின் சுவரைவிட இந்த எண்தான்.

2004, 2011

2004 டிசம்பர் 26 காலை, சுமத்ரா அருகே நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை கல்பாக்கத்தை அடைந்தது. அப்போது முதல் உலை பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் ஏற்றும் பம்பு நிலையத்தில் தண்ணீர் புகுந்து பம்புகள் நின்றன. இயக்குநர்கள் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். சில நாட்களில் அது மீண்டும் இயங்கியது. ஊழியர் குடியிருப்பிலும் மீனவர் குப்பங்களிலும் பலர் உயிரிழந்தனர். அதிவேக ஈனுலைக்காகத் தோண்டியிருந்த அடித்தளக் குழி வெள்ளத்தில் மூழ்கியது. நிலையம் தப்பியது என்று எழுதும்போது குடியிருப்பு தப்பவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

2011 மார்ச் 11-இல் புகுஷிமாவில் உலகம் அஞ்சியது உருகிய உலைகளுக்கு மட்டுமல்ல. நான்காம் உலையின் கட்டடத்தில், மேல்தளத்துக் குளத்தில், 1,535 எரிபொருள் கட்டுகள் இருந்தன. கட்டடம் வெடித்துக் கூரை பறந்தது. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பதே பல நாள் தெரியவில்லை. கட்டுமான இடங்களில் கான்கிரீட் ஏற்றும் நீண்ட கை கொண்ட பம்பு லாரியைக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றினர். பின்னர்தான் குளம் வற்றவில்லை என்று தெரிந்தது. பக்கத்து உலைக் கிணற்றில் பராமரிப்புக்காக நிரப்பியிருந்த தண்ணீர் இடைக்கதவு வழியே குளத்துக்குள் கசிந்து உதவியிருந்தது. அது திட்டமிட்ட பாதுகாப்பு அன்று. குளத்தின் அடியில் எஃகுத் தூண்களும் கான்கிரீட்டும் கொடுத்து வலுப்படுத்தி, 2014 டிசம்பரில்தான் எல்லாக் கட்டுகளையும் வெளியே எடுத்து முடித்தார்கள்.

அதே வளாகத்தில் கனமான எஃகுக் கொள்கலன்களில் தண்ணீரின்றி வைத்திருந்த 408 கட்டுகளும் ஆழிப்பேரலையில் சிக்கின. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 23 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 5.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது, நார்த் அன்னா நிலையத்தில் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள 25 கொள்கலன்கள் மேடையில் சில அங்குலம் நகர்ந்தன, கசிவில்லை. குளத்தில் நெருக்கி அடுக்கி வைப்பதைவிட, சில ஆண்டு குளிர்ந்த எரிபொருளை உலர் கொள்கலனுக்கு மாற்றுவது நல்லது என்ற கருத்து இதன் பின் வலுப்பெற்றது.

இந்தியாவில் புகுஷிமாவுக்குப் பின் எல்லா நிலையங்களும் ஆராயப்பட்டன. குளத்துக்கு வெளியிலிருந்து தண்ணீர் செலுத்த இணைப்புகள், நகர்த்தக்கூடிய டீசல் மின்னாக்கிகள், நில அதிர்வு கண்டவுடன் உலை தானே நிற்கும் ஏற்பாடு ஆகியவை பரிந்துரைகளில் இடம்பெற்றன. கல்பாக்கத்தில் குளத்திலேயே எரிபொருள் நிரந்தரமாகக் குவிவதில்லை என்பதும் கருதத்தக்கது. அதே வளாகத்திலுள்ள மறுபதப்படுத்தும் ஆலைக்கு அது கொண்டு செல்லப்படுகிறது. அங்கே புளுட்டோனியமும் யுரேனியமும் பிரிக்கப்படுகின்றன. இதனால் இந்தியாவில் அதைக் கழிவு என்று அதிகாரிகள் சொல்வதில்லை. ஆயினும் பிரித்த பின் எஞ்சும் திரவம் உண்மையான கழிவே. கண்ணாடியாக உருக்கி உறைய வைக்கும் வரை அது தொட்டிகளில் இருந்தாக வேண்டும். 2003 ஜனவரி 21 அன்று இவ்வாலையில் ஒரு வால்வுக் கசிவால் ஆறு தொழிலாளர் அனுமதித்த அளவுக்கு மேல் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அதற்கு நிலநடுக்கம் தேவைப்படவில்லை.

வேலூரிலிருந்து கூடங்குளத்துக்கு

தோல் மண்டலத்துக்கும் அணு எரிபொருளுக்கும் உள்ள உறவு பாலாற்றோடு முடிவதில்லை. சட்டத்திலும் ஓர் உறவு உண்டு. தோல் ஆலைகளின் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதைத் தீர்ப்பு எடுத்துரைத்தது. அதைவிட நிலைத்தது அதன் சட்டக் கோட்பாடு: முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்கும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. அறிவியல் உறுதி முழுமையாக இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போட முடியாது. கேடில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது.

பதினேழு ஆண்டு கழித்து, 2013 மே 6-இல், கூடங்குளம் வழக்கில் கோ. சுந்தர்ராஜன் தொடுத்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தீர்த்தபோது வேலூர்த் தீர்ப்பும் எடுத்தாளப்பட்டது. நிலையத்தை இயக்க நீதிமன்றம் அனுமதித்தது. கூடவே 15 கட்டளைகளையும் விதித்தது. எரிந்த எரிபொருளை உலைக் கட்டடக் குளத்தில் ஏழெட்டு ஆண்டு வரைதான் வைக்க முடியும் என்பதால், உலைக்கு வெளியே தனிச் சேமிப்பு மையம் ஐந்தாண்டுக்குள் கட்ட வேண்டும் என்பது அவற்றின் பின்னணியில் இருந்தது. ஐந்தாண்டு கழிந்தது. மையம் எழவில்லை. 2018-இல் இந்திய அணுமின் கழகம் கேட்டதன்பேரில் கெடு 2022 ஏப்ரல் வரை நீட்டிக்கப்பட்டது. 2019 ஜூலை 10-இல் இராதாபுரத்தில் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது.

முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை மேற்கோள் காட்டுவது எளிது. அதன்படி கேட்பவரிடம் கணக்கைக் காட்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் வெளியிடும்படி 2012-இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. கழகம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. 0.156 போன்ற எண்கள் ஆய்விதழ்களில் கிடைக்கின்றன. அவற்றை எட்டிய வழி, அதைத் தாண்டி நிலம் ஆடினால் எந்தச் சுவர் முதலில் விரியும் என்ற கணக்கு ஆகியவை பொதுமக்கள் படிக்கும் மொழியில் கிடைப்பதில்லை.

இராணிப்பேட்டைச் சுவர்

இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை ஒன்று 1970களின் நடுவிலிருந்து இருபது ஆண்டு ஓடி மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மேடாக அங்கேயே நின்றது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் கசிந்தது. 2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ஒன்றாக இராணிப்பேட்டையைப் பட்டியலிட்டது. லாபம் ஈட்டிய காலம் இருபது ஆண்டு. அந்தக் கழிவு மேடு அதைவிட நீண்ட காலம் நின்றுவிட்டது.

2015 ஜனவரி 31 விடியுமுன், அதே சிப்காட்டில் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் கசடில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று நிலம் ஆடவில்லை. தாங்கக்கூடியதைவிட அதிகமாக நிரப்பிய தொட்டி, வலுவற்ற சுவர், கீழே உறங்க இடம் கொடுத்த ஏற்பாடு ஆகியவையே போதுமானதாயின.

அணு எரிபொருள் குளத்தையும் இந்தக் கசடுத் தொட்டியையும் ஒன்றாக நிறுத்துவது நியாயமன்று. ஒன்று பன்முகச் சரிபார்ப்புக்கு உட்பட்டது. மற்றது பெயரளவுக்குச் சரிபார்க்கப்பட்டது. ஆனால் 2021 நவம்பரில் ஆம்பூர்ப் பக்கம் விழித்துக்கொண்டவர்கள், கல்பாக்கத்துக் குளம் எந்த அளவு ஆட்டத்தைத் தாங்கும் என்று கேட்டால், இராணிப்பேட்டைச் சுவரை நினைவில் வைத்துத்தான் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலில், குளத்தில் எத்தனை கட்டுகள் இருக்கின்றன, எத்தனை ஆண்டாக, அடுத்து எங்கே போகும், சுவரைக் கடைசியாக யார் எப்போது சோதித்தார் என்பவை இருக்க வேண்டும்.